ஓடக்காரர் அட்டையில் அழுக்கு இல்லை

1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். வானம் மூடிக் கிடந்தது. மழை இல்லை, காற்றும் இல்லை. பொன்மலை ரயில்வே குடியிருப்பில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டு முன்னறையில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் எல்லோருக்கும் வியர்த்தது. மழை பிடித்தால் சாரல் அடித்து என் அட்டைகள் நமுத்துப்போகுமே என்று நான் ஜன்னலை நான்கு முறை எழுந்து பார்த்துவிட்டேன். ஐந்தாம் முறை பார்த்துவிட்டுத் திரும்பியபோதுதான் மேசை கண்ணில் பட்டது. நான்கு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான்கு டீ தம்ளரும் காலியாக இருந்தன.

மழைப் பயம் போய் வேறு பயம் வந்தது.

காலித் தம்ளரில் என்ன பயம் என்று நீங்கள் கேட்கலாம். கணினியிலும் கைப்பேசியிலும் விளையாட்டு செய்ய வந்திருக்கிற உங்களுக்கு என் காலத்து வேலை அட்டையும் பசையுமாகத்தான் தெரியும். ஆனால் பெரிய ராஜ்ஜியங்களுக்கு நடுவே எந்தச் சின்னக் கூட்டத்தை வைப்பது, எதை விடுவது என்று நீங்கள் இன்று மண்டையை உடைத்துக்கொள்கிறீர்களே, அதே உடைப்பைத்தான் நாங்களும் உடைத்தோம். அதனால் கேளுங்கள்.

நான் திருச்சியில் ஓர் அச்சகத்தில் இருந்தேன். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, நோட்டு அட்டை அடிக்கிற இடம். வேலை குறைந்த மாதங்களில் மெஷின் சும்மா நிற்கக் கூடாது என்று முதலாளி பெட்டி விளையாட்டுகள் போட ஆரம்பித்தார். பரமபதம், லூடோ, பிறகு ஊர் வாங்கி விற்கும் ஆட்டம் ஒன்று. அந்தப் பிரிவில் நாங்கள் ஐந்து பேர். கணக்கில் பட்டம் வாங்கியவன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 1983-இல் எங்கள் சொந்தச் சரக்காக ஒன்று செய்தோம். பெயர் ‘நாலு கிரீடம்’. இல்லாத ஒரு நாடு, நடுவில் ஓர் ஆறு, நாலு மூலையில் நாலு பெரிய அரசர்கள். அவர்களுக்கு இடையில் சிறு கூட்டங்கள். இந்தச் சிறு கூட்டங்களை நாங்கள் அச்சகத்தில் ‘சில்லறை’ என்போம். பெரிய கடை வீதியில் ஒரு மொத்த வியாபாரி, தீபாவளிக்கு முன்னால் கிடைத்தால் இரண்டாயிரம் பெட்டி எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பிந்தினால் ஒன்று கூட எடுக்க மாட்டார். முதலாளி என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “இது ஓடலைன்னா பிரிவை மூடிடறேன் சார். காலண்டரே போதும் எனக்கு.” ஐந்து குடும்பம். அதில் ஒன்று என்னுடையது.

சில்லறையில் பன்னிரண்டு கூட்டங்களை யோசித்து வைத்திருந்தோம். இடம் எட்டுக்குத்தான் இருந்தது. இதில் கலை எதுவும் இல்லை, தாளின் அளவுதான் காரணம். ஒரு தாளில் நாற்பத்தெட்டு அட்டை வரும். அரசருக்கு ஆறு வீதம் நாலு பேருக்கு இருபத்து நாலு. ஓர் அரசருக்கு ஒன்று குறைத்தால் நாலு பேருக்கும் குறைக்க வேண்டும், அதனால் அங்கே கை வைக்க முடியாது. மிச்சம் இருபத்து நாலு. சில்லறைக்கு மூன்று மூன்றாகப் பிரித்தால் எட்டு. இரண்டாவது தாள் போட்டால் பெட்டி விலை ஏறிவிடும்.

பன்னிரண்டில் நாலைத் தள்ளுவது என்றதும் அச்சகத்தில் தேர்தல் நேரம் மாதிரி ஆகிவிட்டது. மெஷின்காரர் கொல்லர்களுக்காகப் பேசினார். முதலாளியின் தம்பி பறக்கும் குதிரைக்காரர்கள் இல்லாமல் பெட்டியே விற்காது என்றார். அவர் சொன்னது சரி. மேலட்டையில் போட ஒரு படம் வேண்டும். ஒரே ஒரு கூட்டத்தைப் படத்துக்காகச் சேர்ப்பதில் தப்பில்லை, இரண்டைச் சேர்த்தால்தான் தப்பு. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சிபாரிசு வந்ததால் நான் ஆளைக் கேட்பதை விட்டுவிட்டு அழுக்கைக் கேட்பது என்று வைத்தேன். சிரிக்காதீர்கள். சோதனைப் பெட்டிகளை ஆறு வீடுகளில் ஒரு வாரம் கொடுத்து வைப்போம். எல்லாம் வெள்ளை அட்டை, கையால் எழுதியது. சனங்கள் முறுக்கு தின்றுகொண்டே ஆடுவார்கள். சில்லறை அட்டையை வாங்கினால் அதைத் தன் முன்னால் இருக்கும் கோட்டைப் பலகைக்கு அடியில் கவிழ்த்து வைக்க வேண்டும், பயன்படுத்தும்போதுதான் வெளியே எடுக்கலாம் என்பது விதி. ஆகவே பயன்பட்ட அட்டையில் எண்ணெய்க் கறை இருக்கும், பயன்படாதது வெள்ளையாகவே திரும்பி வரும். நான் ஒவ்வொன்றையும் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து மதிப்பெண் போடுவேன். அழுக்கானது உள்ளே, சுத்தமானது வெளியே. மூன்று விளையாட்டுகளில் இந்த வழி என்னை ஏமாற்றியதில்லை. இன்று உங்களுக்கு எந்தக் கூட்டத்தை எத்தனை பேர் எத்தனை தடவை எடுத்தார்கள் என்று மெஷினே சொல்லிவிடுகிறது. அதுவும் அழுக்குதான், கொஞ்சம் படித்த அழுக்கு.

‘நாலு கிரீடம்’ திரும்பி வந்தபோது ஆறு பெட்டியிலும் ஒரே தீர்ப்பு. மிகவும் அழுக்கானது நெல் வியாபாரிகள். அந்த அட்டையைக் காட்டினால் படைக்கு உணவு கிடைக்கும். எழுத்தே தெரியாத அளவுக்குக் கறை. மிகவும் சுத்தமானது ஓடக்காரர்கள். எதிரியின் படை ஆற்றில் இறங்கும்போது இந்த அட்டையைக் காட்டினால் படை கரையிலேயே இரண்டு சுற்று நிற்க வேண்டும், நிற்கும்வரை அதன் உணவு கரையும். பதினெட்டு ஓடக்கார அட்டைகளில் பதினாறு, நான் கொடுத்தபோது இருந்த மாதிரியே வந்தன. ஓடக்காரர்களையும் இன்னும் மூன்று கூட்டங்களையும் அடித்து நீக்கினேன். எட்டு கிடைத்தது. திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு அச்சுக்குப் பிளேட் போடுவதாக ஏற்பாடு, அதன் பிறகு எதையும் மாற்ற முடியாது. ஞாயிறு மாலை, மனத் திருப்திக்காக, அந்த எட்டை வைத்து ஸ்டெல்லா டீச்சர் வீட்டில் ஒரே ஓர் ஆட்டம்.

இந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். டீச்சர் பள்ளியில் பூகோளம் எடுப்பவர். கணவர் அந்தோணி ஒர்க்‌ஷாப் அலுவலகத்தில் கிளார்க். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்துகொள்வார்கள். போன வாரம் பன்னிரண்டு கூட்டத்தோடு இவர்கள் ஆடியதை நான் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். சண்டையில் காது கிழிந்தது.

“ஏங்க, அந்த ஓடக்காரன் உங்ககிட்டதான இருக்கு?”

“இருந்தா சொல்வேனா?”

“காலையில பூசைக்குப் போயிட்டு வந்த வாய். பொய் சொல்லாதீங்க.”

“நான் எங்க பொய் சொன்னேன்? சொல்ல மாட்டேன்னுதான சொன்னேன்.”

“சரி, நான் தாண்டினா தடுக்க மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணுங்க. உங்களுக்கு மேற்குக் கோட்டையைத் தரேன்.”

“மாதாவ ஏன்டி இதுல இழுக்கற? கோட்டையோட ரெண்டு யானையும் குடு, யோசிக்கறேன்.”

அன்று டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. ஒருவர் கூடத் தொடவில்லை.

இந்த ஞாயிறு என்ன கேட்டது தெரியுமா? “உங்க முறை.” “ம்.” “முடிஞ்சுது.” “உங்க முறை.” அந்தோணியின் மலைநாட்டுப் படை மூன்றாம் சுற்றில் ஆற்றைத் தாண்டியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. நாலு பேரும் டீயைச் சூடாகக் குடித்து முடித்தார்கள். முப்பத்தெட்டு நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது.

“எப்படி இருக்கு டீச்சர்?” என்றேன்.

“நல்லா இருக்கு சார். போன தடவைய விட சுளுவா இருக்கு. சீக்கிரம் முடிஞ்சிருது.”

“இன்னொரு ஆட்டம் போடலாமா?”

“இல்ல சார், பேப்பர் திருத்தணும். நாளைக்கு ஸ்கூல்ல குடுத்தாகணும்.”

போன வாரமும் அவருக்குத் திருத்த வேண்டிய பேப்பர் இருந்தது. கட்டு அலமாரி மேல் கிடந்ததை நான் பார்த்தேன். அப்போது அது அவர் நினைவுக்கே வரவில்லை.

நெருக்கடி நேரத்தில் முதலில் வருவது சமாதானம். புழுக்கமாக இருக்கிறது, சோர்வாக இருக்கிறார்கள், இரண்டாவது முறை ஆடுவதால் சலிப்பு என்றெல்லாம் மனசு எனக்கு எடுத்துக் கொடுத்தது. பிளேட்டுக்குப் பதினேழு மணி நேரம் இருந்தது. சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், ஆட்டம் விதிப்படிதான் நடந்தது. ஆனால் பேசிக்கொள்ளாமல் ஆடுகிற யுத்த ஆட்டம் இரண்டாம் தடவை அலமாரியை விட்டு இறங்காது என்பது எனக்குத் தெரியும். நான் பையிலிருந்து மூன்று வெற்று அட்டை எடுத்தேன். பென்சிலில் ‘ஓடக்காரர்’ என்று எழுதினேன். எட்டுக்கு மேல் வைக்க முடியாது, ஆகவே ஒன்றை எடுக்க வேண்டும். கட்டைப் புரட்டினேன். எந்த அட்டையை ஆடுபவர்கள் யோசிக்காமலே போடுகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். நெல் வியாபாரிகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“டீச்சர், ஒரே ஓர் ஆட்டம். அரை மணி நேரம். எனக்காக.”

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். “உங்களுக்காகத்தான் சார். ஆறு மணிக்கு எந்திரிச்சிருவேன்.”

மூன்றாம் சுற்று வந்தது. அந்தோணி படையை ஆற்றோரம் வரை நகர்த்தினார். கையை எடுக்கவில்லை.

“என்ன, கை அங்கேயே நிக்குது?” என்றார் டீச்சர்.

“இரு, இரு. பென்சில் அட்டை யாருகிட்ட போச்சுன்னு பாக்கறேன்.”

“எங்கிட்ட இல்ல. நீங்க தைரியமா இறங்குங்க.”

“நீ தைரியமா இறங்குங்கன்னு சொல்றப்பதான்டி எனக்கு பயமா இருக்கு.”

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் டீச்சர் பக்கம் சாய்ந்து காதில் ஏதோ சொன்னார். “அங்க என்ன ரகசியம்?” என்று அந்தோணி கத்தினார். அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் நான் யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஏழு மணி அடித்தது, பேப்பர் கட்டு கிடந்த இடத்தில் கிடந்தது.

ஆட்டம் முடிந்ததும் நாலு கோட்டைப் பலகைகளையும் தூக்கிப் பார்த்தேன். ஓடக்கார அட்டை ஒன்று கூட யார் கையிலும் இல்லை. மூன்றும் பிரிக்காத கட்டுக்கு அடியில் கிடந்தன. இல்லாத ஓடக்காரனுக்குப் பயந்து நாலு பேர் ஒன்றரை மணி நேரம் பேரம் பேசியிருக்கிறார்கள். நெல் வியாபாரிகளைக் காணோம் என்று கடைசி வரை ஒருவரும் கேட்கவில்லை.

என் அழுக்குக் கணக்கு பயன்பட்டதை மட்டும் அளந்தது. பயன்படுமோ என்கிற பயத்தை அதனால் அளக்க முடியவில்லை. இன்னொன்றும் அங்கேயே பிடிபட்டது. ஓடக்காரர்களும் நெல் வியாபாரிகளும் ஒரே பெட்டியில் இருக்க முடியாது. கரையில் நிற்கிற படைக்குப் பசிக்க வேண்டும். நெல் அட்டை கையில் இருந்தால் பசிக்காது, பசிக்காதவன் ஓடக்காரனுக்குப் பயப்பட மாட்டான். பன்னிரண்டு கூட்டத்தில் இது கரைந்து போயிருந்தது. எட்டாகக் குறைத்தால் துருத்திக்கொண்டு நிற்கும்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. நெல் வியாபாரிகள் வெறும் அட்டை இல்லை. இந்த விளையாட்டுக்குத் தாள் வாங்கப் பணம் போட்டவர் மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வைத்திருந்தவர், முதலாளிக்குப் பழக்கம். பணம் கொடுக்கும்போது அவர் கேட்டது வட்டி இல்லை. “நம்ம தொழில்காரன் ஒருத்தன் அந்த நாட்டுல இருக்கணும்” என்று மட்டும்தான் கேட்டார். எங்கள் ஓவியர் வரதன், ஸ்ரீரங்கத்துக்காரர், நெல் வியாபாரிக்கு ஆலைக்காரரின் முகத்தையே வைத்து வரைந்துவிட்டார். ஆலைக்காரர் அந்தப் படத்தின் புரூஃபைச் சம்பந்தி வீடு வரை கொண்டுபோய்க் காட்டியாகிவிட்டது.

பொன்மலையிலிருந்து ஜங்ஷன், அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றாம் நம்பர் பஸ். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூடி திறந்திருக்கிறதா என்று அழுத்தி அழுத்திப் பார்த்தபடி போனேன். வரதன் வீட்டில் தரையில் பலகை போட்டு ஏதோ வரைந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தூரிகையைத் தண்ணீரில் போட்டுவிட்டு என்னையே பார்த்தார். 

“சார், அந்த மனுஷர் மூஞ்சிக்கு மூணு நாள் உக்காந்திருக்கேன். மீசையை எடது பக்கம் செத்த தூக்கிப் போடுங்கோன்னு அவரே நின்னு சொன்னார். அதை எடுத்துட்டு ஓடக்காரனைப் போடணுமா?”

“ஆமா.”

“நாளைக்கு வந்து நிப்பார். யார் பதில் சொல்றது?”

“நான் சொல்லிக்கறேன்.”

“சொல்லிக்கோங்கோ. நான் அந்தப் பக்கமே தலை காட்ட மாட்டேன்.” புதுத் தாளை எடுத்து மாட்டினார். “ஓடக்காரனுக்கு மீசை உண்டா?”

“உங்க இஷ்டம்.”

“அப்ப வேண்டாம். மீசையால பட்டது போறும்.”

ஒன்பது மணிக்குள் பென்சில் கோடு முடிந்திருந்தது. காலையில் வண்ணத்தோடு கொண்டுவருவதாகச் சொன்னார். நான் அங்கிருந்து கிளம்பி, கடைவீதியில் ஒரு மருந்துக் கடையிலிருந்து முதல் வேலையாக முதலாளிக்கும், அடுத்த வேலையாக ஆலைக்காரருக்கும் போன் செய்தேன். பின்னால் அச்சகத்தில் பாதிப் பேர் இதற்காக என்னைத் திட்டினார்கள். பேசாமல் பிளேட் போட்டுவிட்டு, பெட்டி வெளியே வந்த பிறகு தாள் தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாமே என்றார்கள். நான் அப்படிச் செய்ததில்லை. ஒருவரின் கூட்டத்தை எடுக்கிறீர்கள் என்றால், அதைத் தடுக்க அவருக்கு நேரம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் நீங்கள் எடுத்த முடிவு முடிவா, பிடிவாதமா என்று உங்களுக்கே தெரியும்.

திங்கள் காலை ஒன்பதே காலுக்கு ஆலைக்காரர் அம்பாசிடரில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வரதன் வரைந்த அதே மீசை. முதலாளி ஓடிப்போய் நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை.

“என்ன சார், நம்மாள தூக்கிட்டீங்களாமே?”

“ஆமாங்க.”

“நெல்லு யாவாரி இல்லாம ஒரு நாடா? ராஜா என்ன, கல்லையா திம்பான்?”

“நாட்டுல இருக்காங்க. அட்டையிலதாங்க இல்ல.”

“அட்டையில இல்லாதவன் நாட்டுல இருந்தா என்ன, செத்தா என்ன?”

நான் பலகையை விரித்தேன். அட்டைகளை வைத்து ஆறு நிமிடம் விளக்கினேன். படை கரையில் நிற்கிறது, உணவு கரைகிறது, யாரிடம் ஓடக்காரன் இருக்கிறான் என்று தெரியவில்லை, ஆகவே பேசியே ஆக வேண்டும். அவர் குனிந்து கவனமாகப் பார்த்தார். பெரிய வியாபாரி. கணக்கு உடனே புரிந்துகொள்கிறவர்.

“நீங்க உள்ள இருக்கற வரைக்கும் யாருக்கும் பசிக்காதுங்க. பசிக்கலைன்னா ஒருத்தனோட ஒருத்தன் பேச மாட்டான்.”

“அது நல்லதுதான சார்?”

“ஊருக்கு நல்லதுங்க. ஆட்டத்துக்கு ஆகாது.”

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. “சரி, ஓடக்காரன வச்சுக்குங்க. வேற எவனையாவது தூக்குங்க. இது என்ன, நிழல் மனுஷன்? இவனத் தூக்குங்க. பாத்தாலே பிசாசு மாதிரி இருக்கான்.”

“அவன் தோக்கறவனுக்கு மட்டும்தாங்க உதவுவான். அவனை எடுத்தா, கடைசியில இருக்கறவன் பாதியில எந்திரிச்சுப் போயிடுவான். நாலு பேர் ஆட்டம் மூணு பேர் ஆட்டம் ஆயிடும்.”

அடுத்ததைக் காட்டினார். அதற்கும் பதில் இருந்தது. அதற்கடுத்ததற்கும் இருந்தது. எல்லாக் கூட்டத்துக்கும் நான் பதில் சொல்லச் சொல்ல முதலாளிக்குத்தான் வியர்த்தது. அவர் இடையில் புகுந்து, “ஒண்ணு பண்ணலாமே அண்ணே, ஓடக்காரனுக்கே உங்க மூஞ்சிய வச்சிரலாம்” என்றார்.

ஆலைக்காரர் நிமிர்ந்தார். “நான் துடுப்பு போடறதாய்யா? சம்பந்தி வீட்டுல என்ன சொல்வேன், மில்லு நொடிச்சுப் போய் ஓடம் தள்றேன்னா?”

யாரும் சிரிக்கவில்லை. மணி ஒன்பது ஐம்பத்தொன்று. பிளேட் போடுகிற ஆள் வாசலில் வந்து நின்றார். ஆலைக்காரர் என்னிடம் குரலை உயர்த்தாமல் சொன்னார். 

“நீங்க சொன்னது நூத்துக்கு நூறு புரியுது சார். ஆனா என் காசுல வாங்கின தாள்ல அச்சடிச்சு, என் மூஞ்சிய எடுக்கறீங்க பாருங்க, அதுதான் புரியல. ஒண்ணு, நம்மாளு உள்ள இருக்கணும். இல்ல, என் காசு இன்னைக்கே கைக்கு வரணும்.”

அவர் கேட்டதில் அநியாயம் ஒன்றும் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறாயிரத்து இருநூறு ரூபாய். முதலாளி என்னைப் பார்த்தார். “எங்கிட்ட இப்ப கைமொதல் இல்ல சார். அவரு கேக்கறதப் பண்ணிட்டா என்ன? ஓர் அட்டைதான. யாரு இவ்வளவு நுணுக்கமாப் பாக்கப் போறாங்க?”

இந்தக் கேள்வியை உங்களிடம் கட்டாயம் ஒருநாள் ஒருவர் கேட்பார். பதிலை இப்போதே தயார் செய்துகொள்ளுங்கள். யாரும் பார்க்கப் போவதில்லை என்பது உண்மை. நெல் வியாபாரிகளோடு ஆட்டம் வெளியே போயிருந்தால் யாரும் கடிதம் எழுதி எங்களைத் திட்டியிருக்க மாட்டார்கள். ஒரு தடவை ஆடுவார்கள், நல்லா இருக்கு என்பார்கள், மூடி வைப்பார்கள். எதனால் மறுபடி எடுக்கத் தோன்றவில்லை என்று அவர்களுக்கே தெரியாது. மொத்த வியாபாரி மட்டும் அடுத்த வருஷம் வேண்டாம் என்பார். பிரிவு தீபாவளியில் மூடாது, அடுத்த ஆடியில் மூடும்.

அதனால் நான் வங்கிக்குப் போனேன். போவதற்கு முன் பிளேட் ஆளிடம் ஓடக்காரர் உள்ள தாளைக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். வரதன் சொன்னபடியே தலை காட்டாமல், படத்தை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஓடியிருந்தார். நல்ல படம். மீசை இல்லாத, யார் பக்கம் என்று சொல்ல முடியாத முகம்.

வங்கியில் இருந்தது காட்டூரில் ஒரு மனைக்கு வைத்திருந்த பணம். அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, மாதக் கடைசியில் கிரயம். பன்னிரண்டே காலுக்கு ஆலைக்காரர் கையில் நோட்டுகளை எண்ணி வைத்தேன். அவரும் ஒரு தடவை எண்ணினார். “வரேன் சார்” என்றார். கோபம் இல்லை, சிநேகமும் இல்லை. தன் படத்தின் அந்தப் புரூஃபை அவர் ஃபிரேம் போட்டு ஆலை அலுவலகத்தில் மாட்டியிருப்பதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அங்கே அவர் எந்தக் கூட்டத்தோடும் போட்டி போட வேண்டியதில்லை.

வீட்டில் சொன்னபோது என் மனைவி பாஸ்புக்கை வாங்கிப் புரட்டினாள். பிறகு, “அந்த ஓடக்காரன் நெசமாவே எங்கயாவது இருக்கானா?” என்று கேட்டாள்.

“இல்ல. அட்டையில மட்டும்தான்.”

“ஊர்ல எல்லாரும் மச்சினனுக்கு, மாமனுக்குன்னு மனையை விடுவாங்க. எங்க வீட்டு ஆளு அட்டைக்கு விட்டிருக்காரு.” அதற்குப் பின் உறவுக்காரர்கள் யார் வந்தாலும் இந்த வாக்கியத்தைத் தவறாமல் கேட்டேன்.

பெட்டிகள் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் பெரிய கடை வீதிக்குப் போய்ச் சேர்ந்தன. மொத்த வியாபாரி பொங்கலுக்கு மறுபடி கேட்டார், அடுத்த தீபாவளிக்கும் கேட்டார். பிரிவு மூடவில்லை. நான் ஓய்வு பெறும்போது அதில் பதினோரு பேர் இருந்தோம். அழுக்குப் பார்ப்பதை நான் விடவில்லை, அது நல்ல வழிதான். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு சில்லறைக் கூட்டத்தையும் இன்னொரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் அடித்து நீக்குவேன்: இது போனால், யார் யாரோடு பேசுவதை நிறுத்துவார்கள்? யாரும் நிறுத்த மாட்டார்கள் என்றால் எவ்வளவு அழுக்காக இருந்தாலும் தூக்கிவிடுங்கள். இரண்டு பேர் நிறுத்துவார்கள் என்றால், யார் முகம் வாடினாலும், வைத்துக்கொள்ளுங்கள். முகம் வாடுகிறவருக்கு நீங்களே நேரில் சொல்லுங்கள். விலை இருந்தால் நீங்களே கொடுங்கள். பிறர் காசில் எடுத்த சரியான முடிவை யாரும் நம்புவதில்லை.

இது இலவச உபதேசம் இல்லை என்பதால் கணக்கையும் தந்துவிடுகிறேன். ஆறாயிரத்து இருநூறை முதலாளி பதினான்கு மாதத்தில் தவணையாகத் திருப்பிவிட்டார், அது கணக்கில் சேராது. அதற்கு வங்கியில் கிடைத்திருக்க வேண்டிய வட்டி நூற்று எண்பத்தொரு ரூபாய். கிரயத் தேதி தவறியதால் போன மனை அட்வான்ஸ் ஆயிரத்து ஒன்று. இரண்டு வருஷம் கழித்து அதே தெருவில் அதே அளவு மனையை வாங்கியபோது கூடுதலாகக் கொடுத்தது நாலாயிரத்து ஐந்நூறு. புது அட்டைக்காக மறுபடி நெகட்டிவ் எடுத்த செலவு நூற்று நாற்பது, அதை முதலாளி ஏற்க மறுத்தார், நான் வற்புறுத்தவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கும் இரண்டு போனுக்குமாக ஒரு ரூபாய் எண்பத்தைந்து காசு.

ஆக, ஓடக்காரர்களை அந்த நாட்டுக்குள் வைத்ததற்கு எனக்கு ஆன செலவு ஐயாயிரத்து எண்ணூற்று இருபத்து மூன்று ரூபாய் எண்பத்தைந்து காசு.